ஒரே கொதிகலனிலிருந்து பல கட்டடங்களுக்கு வெப்பம்: இது எப்படித் தொடங்கியது?

ஓசூர் மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டரும் கம்பளியும் போதும். பனி கொட்டும் நாடுகளில் வீட்டையே சூடாக்கியாக வேண்டும். வீட்டுக்கு வீடு தனியாக எரிக்காமல், ஒரே இடத்தில் நீரையோ நீராவியையோ சூடாக்கி, நிலத்தடிக் குழாய் வழியாக ஒரு பகுதி முழுவதற்கும் அனுப்புவதுதான் பகுதி வெப்பமூட்டல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரிதான். ஒரு வித்தியாசம், வெந்நீர் முறையில் சூட்டைக் கொடுத்த நீர் கொதிகலனுக்கே திரும்பிவிடும்.

பிரான்சின் ஷோத்-ஏக் ஊரில் 14ஆம் நூற்றாண்டிலேயே வெந்நீர் ஊற்றின் நீரை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். வணிக முறையில் இதை வெற்றியாக்கியவர் பேர்ட்சில் ஹாலி. 1877இல் அமெரிக்காவின் லாக்போர்ட்டில் நீராவிக் குழாய்களால் கட்டடங்களை இணைத்தார். 1882இல் நியூயார்க் நகரத்துக்கும் நீராவி வந்தது. மன்ஹாட்டனில் இன்றும் ஓடுகிறது.

ஏன் பரவியது? வீட்டுக்கு வீடு கரிப்புகையும் தீ பயமும் குறைந்தன. அதைவிடப் பெரிய காரணம் வேறு. அனல் மின் நிலையத்தில் எரிபொருள் வெப்பத்தின் பெரும்பகுதி மின்சாரமாகாமல் வீணாகிறது. அந்த வெப்பத்தைக் குழாயில் திருப்பிவிட்டால் அதே எரிபொருளில் ஊரும் சூடாகும். டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் 1903இலேயே குப்பையை எரித்த வெப்பத்தை இப்படிப் பயன்படுத்தினார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், அந்தக் குழாய் நீர்தான் குளியலறைக்கும் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இன்றைய அமைப்புகளில் அது தனிச் சுற்றிலேயே ஓடும், உலோகத் தகடு வழியாக வெப்பம் மட்டும்தான் வீட்டு நீருக்கு மாறும்.