பாறையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கூம்புகள் செத்த சிப்பிகளா?

கடலோரப் பாறையில் காலைக் கிழித்த அந்த வெள்ளைக் கூம்புகள் செத்துப்போன சிப்பிகளா என்று கேட்டிருக்கிறீர்கள். செருப்பில்லாமல் ஏறியிருப்பீர்கள், பாதிப் பேருக்கு இதனோடு பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அது சிப்பியும் இல்லை, பெரும்பாலும் சாகவும் இல்லை. கொட்டலசு என்பார்கள், பார்னக்கிள். இறால், நண்டு வகையறா.

இந்த வகையறா விஷயத்தில்தான் எனக்குப் பள்ளியில் மதிப்பெண் போனது. இறால், நண்டு, பூச்சியெல்லாம் அடங்கிய கணுக்காலிக்கு எடுத்துக்காட்டாக இதை எழுதியிருந்தேன், ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து 'மெல்லுடலி', அதாவது சிப்பி, நத்தைக் கூட்டம், என்று திருத்திவிட்டார். ஓடு இருந்தால் மெல்லுடலியாம். நூலகப் புத்தகத்தையே கொண்டுபோய்க் காட்டினேன், "பாடப்புத்தகத்தில் இருக்கா?" என்றார், அதோடு பேச்சு முடிந்தது. ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே அப்படி நினைத்தவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. 1830-ல் ஜான் வாகன் தாம்சன் என்ற ஆய்வாளர் இதன் குஞ்சுப் பருவத்தைப் பார்த்து, இது நண்டு வகையறாதான் என்று சொன்ன பிறகுதான் அது மாறியது, அப்புறம் டார்வின் 1846 தொடங்கி எட்டு வருடம் இதைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பரீட்சை எழுதியது அதற்கெல்லாம் எவ்வளவோ பின்னால் ஐயா! ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பொருமலா என்று கேட்க வருபவர்கள் தாராளமாகக் கேட்கலாம். பாடப்புத்தகத்தில் இல்லாததெல்லாம் தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னும் நடக்கிறது, எனக்கு எரிவது அதற்குத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும், பிறகு உணர்கொம்பால் பாறையைத் தடவித் தடவி இடம் பார்க்கும். தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடம் என்றால் ரொம்பப் பிடிக்கும். பிடித்துவிட்டால் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை எழுப்பிக்கொள்ளும், அதன் பிறகு ஆயுசுக்கும் நகராது. தண்ணீர் வற்றினால் மேல் மூடியை இறுக்கிக்கொண்டு உள்ளே ஈரத்தோடு இருக்கும். நீங்கள் பார்த்தது அந்த நேரத்தில், அதனால்தான் செத்ததாகத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் ஏறி மூடும்போது குனிந்து பாருங்கள், உச்சி திறந்து இறகு மாதிரி ஒன்று வெளியே வந்து வீசி வீசி உள்ளே போகும். அவை கால்கள். காலால் வாரித்தான் சாப்பிடுகிறது.

உச்சியில் மூடி இல்லாமல் வெறும் குழியாக இருந்தால் அது செத்தது. அதையும் பெயர்க்க வேண்டாம், குட்டி நத்தைகள் உள்ளே ஒதுங்கியிருக்கும். காலில் பட்ட கீறலை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீங்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.