அண்ணன்கள் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள்: செவ்வாய்ப்பேட்டை வீட்டை இடிக்காமல் தடுக்க முடியுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா 1974-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு இருக்கிறது. வாங்கும்போதே அது பழைய வீடு. தேக்குத் தூண், முற்றம், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, தெருவைப் பார்த்த மச்சு எல்லாம் உண்டு. முன்கட்டில் இரண்டு கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அம்மா முதலில் காலமானார். அப்பா 2019-ல் உயில் எழுதாமல் இறந்தார். வாரிசுகள் இரண்டு அண்ணன்களும் நானும்தான். வீட்டை இடித்து வணிக வளாகம் கட்ட ஒரு புரமோட்டரிடம் அண்ணன்கள் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். "உனக்குக் கல்யாணத்தில் சீர் செஞ்சாச்சு, கையெழுத்து மட்டும் போடு" என்கிறார்கள். இதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்க வைத்து இடிப்பதைத் தடுக்க முடியுமா?

பதில்: பாரம்பரியக் கட்டடம் என்ற வழியில் போனால் உங்கள் வீடு தப்பிப்பது சந்தேகம். உங்களுக்கு வலுவான பிடி இருப்பது வாரிசுரிமைச் சட்டத்தில்.

முதலில் நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். ஒரு கட்டடம் நூறு வருஷப் பழசு என்பதாலேயே சட்டம் அதைக் காப்பாற்றிவிடாது. பாதுகாக்க வேண்டியது என்று அரசு அதை அறிவிக்கை செய்திருக்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சங்ககிரிக் கோட்டை இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் அது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தனியார் வீட்டுக்கு அது உதவாது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. 2012-ல் நிறைவேற்றினார்கள், நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2024-ல். பன்னிரண்டு வருஷம் பீரோவில் இருந்த சட்டம், உங்கள் அண்ணன்களின் அட்வான்ஸ் வேகத்துக்கு ஓடும் என்று நான் நம்பவில்லை. மனு கொடுப்பதில் தவறில்லை, கொடுங்கள். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சென்னையில் ஒரு கட்டடம் வழக்கால் பிழைத்ததே என்று நீங்கள் கேட்கலாம். அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க எல்.ஐ.சி. இறங்கியபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. அந்த வழக்கில் கைகொடுத்த பட்டியல் எதற்காகத் தயாரானது தெரியுமா? சாலையோர விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்த அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு, பலகை மறைக்கக் கூடாத கட்டடங்கள் என்று எழுதி வைத்த பட்டியல் அது! சேலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் இன்று ஏற்காடு சாலையோரம் மிஞ்சியிருப்பது நுழைவு வளைவு. அவ்வளவு பெரிய பெயருக்கே கதி அதுதான் என்றால், தெருவில் பத்தோடு பதினொன்றாக நிற்கும் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். இது அப்பாவின் சுயசம்பாத்தியம் என்பதால் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. 1989, 2005 என்று மகள்களின் உரிமைக்குச் சொல்லப்படும் கணக்குகள் பூர்வீகச் சொத்துக்கானவை. சுயசம்பாத்தியத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு உண்டு. சீர் செய்தது பங்கைக் கழித்துவிடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால்தான் பங்கு போகும். ஆகவே புரியாத எந்தத் தாளிலும், பவர் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று: குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்ற, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவை 2005-ல் நீக்கிவிட்டார்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

அண்ணன்கள் முழு வீட்டையும் உங்கள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஆனால் தங்கள் இரண்டு பங்கையும் விற்கலாம். இங்கேதான் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவைப் பார்க்க வேண்டும். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்கு (பிள்ளைகள், மனைவி, தாய் போன்றோர்) வந்து, அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க முற்பட்டால், அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் விலை வைக்கும். நீங்கள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். கிரயப் பத்திரம் முடிந்த பிறகு கேட்டால் வழக்கு நீளும். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒரு நகல் புரமோட்டருக்கும் போகட்டும். வில்லங்கமுள்ள இடத்தில் பணம் போட எந்த புரமோட்டரும் யோசிப்பார்.

அவர் துணிந்து வாங்கிவிட்டாலும் கதை முடியவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-வது பிரிவுப்படி, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டை அனுபவிக்கும் உரிமை கேட்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவில், அவர் வாங்கிய பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளலாம். முன்கட்டில் கடை இருப்பதால் இது வணிகக் கட்டடம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். எனவே வீட்டில் உங்கள் அறையும் பூட்டும் சாமானும் இருக்கட்டும். ஆடிப் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் நீங்கள் வந்து தங்கிய படங்கள், மின் கட்டண ரசீதுகள், கடை வாடகையில் உங்களுக்கு வந்த பங்கின் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் என்று காட்டினால் பாகப்பிரிவினை வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். வெளியேற்றப்பட்டவர் என்றால் பங்கின் மதிப்புக்கு ஏற்றபடி கட்ட வேண்டிவரும்.

வழக்கோடு சேர்த்து இடிக்காமலிருக்க இடைக்காலத் தடை கேளுங்கள். கூட்டுச் சொத்தை ஒரு பங்குதாரர் மற்றவர் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது. மாநகராட்சிக்கும் வாரிசுச் சான்றிதழ் நகலோடு எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

இனி உங்களுக்குக் கசப்பான பகுதி. பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள், வீட்டைத் துண்டு போட முடியாது, விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொடுங்கள் என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். உங்கள் அண்ணன்கள் கையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. அப்போது அதே பாகப்பிரிவினைச் சட்டத்தின் 3-வது பிரிவில் நீங்கள் வாங்கிக்கொள்கிறேன் என்று மனுப் போடலாம். ஆக, எந்த வழியில் போனாலும் கடைசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு பங்கின் விலையை உங்களால் திரட்ட முடியுமா? முடியாது என்றால் வழக்கு, வீட்டின் ஆயுளைச் சில வருஷம் நீட்டிக்கும், அவ்வளவுதான். முன்கட்டு அண்ணன்களுக்கு, முற்றமும் பின்கட்டும் உங்களுக்கு என்று கட்டடம் தாங்குகிறபடி பிரிக்க வழியிருக்கிறதா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். அண்ணன்களிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: இடித்துவிட்டுக் கட்டினால் அந்தக் குறுகிய தெருவுக்கு ஏற்ற உயரம்தான் கிடைக்கும், வண்டி நிறுத்தவும் இடம் விட வேண்டும். புரமோட்டர் காட்டும் படத்தில் உள்ள மாடிகள் எல்லாம் அனுமதியில் வருமா என்று முதலில் விசாரிக்கட்டும். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருக்கிறது. பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

அப்புறம், வழக்கு நடக்கும் காலத்தில் கூரையைக் கவனியுங்கள். மழையில் ஒழுகவிட்டுச் சுவர் சரிந்தால், ஆபத்தான கட்டடம் என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிடும். அதன்பின் இடிக்க யாருக்கும் வேறு காரணமே வேண்டாம். பழுது பார்க்க நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, செலவுக்கு ரசீது வைத்திருங்கள், இறுதிக் கணக்கில் கேட்கலாம். மெட்ராஸ் டெரஸுக்கு மேல் சிமெண்ட் பூசச் சொல்பவரை விட்டுவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.