கிரகப்பிரவேசத்தில் சொன்ன உண்மையும் முழங்கால் வலியும்

கேள்வி: எனக்கு வயது 44. ஒரு வருடமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். யமம் (விலக்கிக் காக்க வேண்டிய ஐந்து ஒழுக்கங்கள்), நியமம் (கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து ஒழுக்கங்கள்) இல்லாமல் செய்யும் ஆசனம் வெறும் உடற்பயிற்சிதான் என்று ஆசிரியர் ஒருநாள் சொன்னது மனதில் தைத்துவிட்டது. பத்தையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்த வாரமே நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். "வீடு எப்படி அண்ணி?" என்று கேட்டாள். சத்தியம் என்று முடிவெடுத்துவிட்டோமே என்று, "சமையலறை ரொம்ப இருட்டு" என்றேன். அதிலிருந்து அவள் பேசுவதில்லை. தவம் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு பத்மாசனத்தில் உட்கார்ந்ததில் இடது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. பிரம்மசரியம் என்ற வரியைப் படித்துவிட்டு கணவர் கேலி செய்கிறார். குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் முழங்கால். அதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

பத்மாசனத்துக்குத் தேவையான சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். தொடை வெளிப்பக்கம் திரும்ப இடுப்பு இடம் கொடுக்காவிட்டால், பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைக்கும்போது அந்த முறுக்கல் முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. முழங்கால் மடங்கி நிமிரத்தான் ஏற்பட்டது, கதவுக் கீல் மாதிரி. முறுக்கினால் தாங்காது. அதனால் பத்மாசனத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு போர்வையை மடித்துப் போட்டு, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி சுகாசனத்தில், அதாவது சாதாரணச் சம்மணத்தில் உட்காருங்கள். அதிலும் வலித்தால் நாற்காலி போதும். வீக்கம் இருந்தாலோ, கால் பாதியில் மாட்டிக்கொண்டு நிமிர மறுத்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தொடர்ந்து செய்தால் சரியாகிவிடும் என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

தவம் என்ற சொல் நிறைய முழங்கால்களைக் கெடுத்திருக்கிறது. யோகத்துக்கு மூல நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்குப் பழைய உரை எழுதிய வியாசர், தவம் மனத்தின் தெளிவைக் குலைக்காத அளவுக்கு இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். ஆசனத்துக்குப் பதஞ்சலி தரும் இலக்கணமும் ஸ்திரம், சுகம் என்ற இரண்டு சொற்கள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதில் இரண்டுமே இல்லை. உங்களுக்குத் தவம் வேண்டுமென்றால், மழை பெய்து போர்வைக்குள் சுகமாக இருக்கும் காலையில் எழுந்து 15 நிமிடம் பயிற்சி செய்யுங்கள். தவத்தின் மூலச் சொல்லான தபஸுக்குச் சூடு என்றுதான் பொருள். அது போதுமான சூடு.

சரி, கிரகப்பிரவேசத்துக்கு வருவோம். யமங்கள் ஐந்தும் ஒரு வரிசையில் வருகின்றன: அகிம்சை, சத்தியம், அஸ்தேயம் (திருடாமை), பிரம்மசரியம், அபரிக்கிரகம் (தேவைக்கு மேல் சேர்க்காமை). அகிம்சை முதலில் நிற்பது சும்மா இல்லை. மற்ற நான்கும் அதைச் சுத்தமாக வைத்திருக்கத்தான் என்பது வியாசரின் கருத்து. பேச்சு உயிர்களுக்கு நன்மை செய்யப் பிறந்தது, அது பிறரைக் காயப்படுத்துமானால் சத்தியம் போலத் தெரிந்தாலும் சத்தியம் ஆகாது என்கிறார். நமக்கு இது புதிதும் இல்லை. 'வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இருட்டான சமையலறை உண்மைதான். வரைபடம் போடும்போது சொல்லியிருந்தால் ஒரு ஜன்னல் கூடுதலாக வந்திருக்கும். பால் பொங்கி முடிந்த பிறகு அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்? அதற்காகப் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் பிடித்த ஒன்றாவது இருந்திருக்கும், அதைச் சொல்லியிருந்தாலும் உண்மைதான். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் அதைச் சொல்ல வைத்தது முழுக்க சத்தியம்தானா? கொஞ்சம் பழைய கணக்கும் சேர்ந்துகொண்டதா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இதற்குப் பதஞ்சலி ஒரு கருவி தருகிறார், பிரதிபக்ஷ பாவனம் என்று பெயர். தவறான எண்ணம் தொந்தரவு செய்யும்போது எதிர்ப்பக்கத்தை நினைப்பது. 'நல்லதையே நினை' என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள், அது வேறு. அடுத்த சூத்திரத்தில் அவர் தீங்கைப் பிரித்துப் போடுவது கிட்டத்தட்ட ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. தானே செய்தது, பிறரைச் செய்யவைத்தது, பிறர் செய்யும்போது ஆமோதித்தது என்று மூன்று. அவை பேராசையால் வந்ததா, கோபத்தாலா, மதிமயக்கத்தாலா என்று மூன்று. இலேசா, நடுத்தரமா, கடுமையா என்று மூன்று. மூன்றையும் பெருக்கினால் 27. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கிண்டல் செய்து வரும் செய்திக்கு நீங்கள் சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டாலும் ஆமோதித்த கணக்கில் வந்துவிடுகிறது. இதன் முடிவில்லாத பலன் துன்பமும் அறியாமையும்தான் என்று நினைத்துப் பார்ப்பதுதான் எதிர்ப்பக்கம். நடைமுறையில், பதில் தட்டிய பிறகு அனுப்பும் முன் ஒரு மூச்சு நின்று, இது இந்த 27இல் எது என்று பார்த்தால் போதும். பாதி செய்திகள் அனுப்பப்படாமலே போகும்.

பிரம்மசரியத்துக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பழைய உரைகள் சொல்வது புலனடக்கம்தான், துறவிகளுக்கு முழு விலக்கு. இல்லறத்தில் இருப்பவருக்கு அதைத் துணைக்கு உண்மையாக இருப்பது, அளவோடு இருப்பது என்றுதான் ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். கணவரிடம் இதைச் சொன்னால் கேலி நிற்கும். அஸ்தேயம், அபரிக்கிரகம் பற்றி இப்போது கவலை வேண்டாம். மூன்றாவது யோகா பாய் வாங்கத் தோன்றும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விதான் முக்கியம். பத்தையும் ஒரே நாளில் ஒட்டியதுதான் சிக்கல். இடம், காலம் எதுவும் பார்க்காமல் எல்லா நிலையிலும் காப்பதைப் பதஞ்சலி மகாவிரதம் என்கிறார். அதை விளக்க வந்த வியாசர், அளவு வைத்த விரதங்களையும் காட்டுகிறார். மீனைத் தவிர வேறு எதையும் கொல்லாத மீனவர், புண்ணியத் தலத்தில் மட்டும் கொல்லமாட்டேன் என்பவர், குறிப்பிட்ட திதியில் மட்டும் கொல்லமாட்டேன் என்பவர். அவை மகாவிரதம் இல்லை, ஆனால் விரதம்தான். நம் வீடுகளில் புரட்டாசி முழுக்க அசைவம் சமைக்காமல் இருப்பது இந்தக் கணக்கில்தான் சேரும். ஐப்பசி முதல் தேதி கறிக்கடையில் கூட்டம் நிற்கும் என்று சிரிக்கிறோம். ஆனால் ஒரு மாதம் ஒன்றைச் சொல்லி அதைக் காப்பாற்றிக் காட்டுகிறார்கள். உங்கள் ஃபிரிட்ஜ் காகிதம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதனால் ஒன்றை மட்டும் எடுங்கள், எல்லை போட்டு எடுங்கள். என் யோசனை அகிம்சை. இடம் உங்கள் வீடு, நேரம் மாலை 6 மணி முதல் இரவுச் சாப்பாடு முடியும்வரை, விஷயம் கடுஞ்சொல். ஒரு மண்டலம், அதாவது 48 நாள். வேலை முடிந்து களைப்போடு வருபவர்களும் பசியோடு இருப்பவர்களும் மோதிக்கொள்ளும் நேரம் அது, அதனால்தான் அதைச் சொல்கிறேன். தவறிய நாளில் நாட்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். விரதம் போச்சு என்று விட்டுவிடாமல் மறுநாள் தொடருங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டாம். சொன்னால், "என்னம்மா, அகிம்சையா?" என்று பிள்ளைகளே வம்புக்கு இழுப்பார்கள். காலையில் பாயில் இருக்கும்போது இதே விதி உங்கள் முழங்காலுக்கும் செல்லும்.

ஆசிரியர் சொன்னதில் பாதி சரி. யமம், நியமம், ஆசனம் எல்லாம் ஒரே யோகத்தின் அங்கங்கள். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று காத்திருந்தால் யாரும் பாயே விரிக்க முடியாது. வகுப்பை விடவேண்டாம்.

நாத்தனாருக்கு நீங்களே ஃபோன் போடுங்கள். சமையலறையைப் பற்றிய விளக்கம் வேண்டாம். "அன்னைக்கு அதை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்பது போதும். அவள் திரும்பக் கோபமாக ஏதாவது சொன்னால், மணி ஆறைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.