பழைய புரோட்டான் சாகா காரை வீட்டுப் போர்ச்சிலேயே சரிசெய்ய எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம்?

அப்பாவின் எண்பதுகளின் சாகா, தரைத்தகடும் பின்சக்கர வளைவும் துருப்பிடித்துவிட்டன, வீட்டிலேயே ஒட்ட எந்த மெஷின் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கேஸ் போட்டு ஓடும் மிக் (MIG) மெஷின், அதாவது சுருளிலிருந்து கம்பியைத் தானே தள்ளி உருக்கி ஒட்டும் மெஷின் வாங்குங்கள். கடையில், அது எத்தனை ஆம்பியர் வரை ஏறும் என்று கேட்காதீர்கள்; எத்தனை ஆம்பியர் வரை இறங்கி நிதானமாக எரியும் என்று கேளுங்கள்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைப் பட்டறையில் வெல்டர். இங்கே டிரெய்லர் கொக்கி, கேட், கன்வேயர் தகடு எல்லாமே ராடு வெல்டிங்தான். அதனால் யாரைக் கேட்டாலும் ராடு போடும் சின்ன ஆர்க் மெஷின் போதும் என்பார்கள். கார் தகடு 0.7, 0.8 மில்லிமீட்டர்தான், துரு தின்ற இடத்தில் அதுவும் மிஞ்சாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2.6 மில்லிமீட்டர் ராடு, ஆம்பியரைக் குறைத்தால் ஒட்டிக்கொள்ளும், கூட்டினால் ஓட்டை போட்டுவிடும். டங்ஸ்டன் முனையில் எரியும் டிக் (TIG) வெல்டிங் அழகாக வரும், ஆனால் தகடு பளபளவென்று சுத்தமாக இருந்தால்தான். பழைய கார் துருவுக்கும் எண்ணெய்க்கும் அது சரிப்படாது.

மிக்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி ஓட வேண்டும், 30 ஆம்பியர் வரை இறங்க வேண்டும். கம்பியைத் தள்ளும் ரோலரில் 0.6 பள்ளம் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தே பாருங்கள். பெட்டியில் 200 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பது உங்கள் வேலைக்கு உதவாது. 50 ஆம்பியரில் சுமார் 16.5 வோல்ட், அதாவது 825 வாட். மெஷினில் வீணாவதைச் சேர்த்தாலும் வீட்டு 13 ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும்.

வாங்குமுன் பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட் துண்டு வாங்கி, பெயின்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போங்கள். அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சட்டியில் கடுகு பொரிவது போல விடாமல் சடசடத்தால் சரி. பட், பட் என்று விட்டு விட்டு வெடித்து, கம்பி தகட்டில் முட்டி, கையில் பிடித்திருக்கும் வெல்டிங் டார்ச்சைப் பின்னால் தள்ளினால், அதுவும் வோல்ட்டையும் கம்பி வேகத்தையும் மாற்றிப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தால், அந்த மெஷின் வேண்டாம். அப்புறம் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒவ்வொரு பொட்டுக்கும் நேராகச் சின்னதாக மேடு எழும்பியிருக்க வேண்டும். வெறும் நீலக் கறை மட்டும் இருந்தால் தகடு உருகிச் சேரவில்லை.

கேஸ் இல்லாமல் ஓடும் கம்பியை மலிவு என்று காட்டுவார்கள். வெளியே காற்றில் கேட் ஒட்ட அது நல்லது. ஆனால் அதில் 0.8க்குக் குறைந்த கம்பி கிடைப்பது அரிது, சூடும் சிதறலும் அதிகம். பணம் குறைவென்றால் மெஷினில் குறைத்துக்கொள்ளுங்கள். கேஸ் தோம்பு, ரெகுலேட்டர், தானாக இருளும் முகமூடி மூன்றிலும் குறைக்காதீர்கள். ஆர்கன் 80, கார்பன் டை ஆக்சைடு 20 கலவை, நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். போர்ச்சில் ஃபேன் ஓடினால் கேஸ் கலைந்து ஒட்டிய இடம் பஞ்சு மாதிரி துளை விழும். புழுக்கமாக இருந்தாலும் ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர் ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி மூடி வையுங்கள்.

தரைத்தகட்டைத் தொடுமுன் பேட்டரி வயரையும் பெட்ரோல் டாங்கியையும் கழற்றிவிடுங்கள். கேபினுக்குள் ஒட்டியிருக்கும் தார் விரிப்பைச் சுரண்டி எடுங்கள், அது தீப்பிடிக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துத்தநாகப் பூச்சு உள்ள இடத்தை அரைத்துவிட்டு ஒட்டுங்கள்; அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

புதுத் துண்டை மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) அடித்து, ஒவ்வொன்றும் ஆறியபின் எதிர்ப்பக்கம் அடுத்ததை வையுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அலை அலையாக நெளியும், பிறகு பாடி வேலை செய்பவரால்கூட நிமிர்த்த முடியாது. கதவுக்குக் கீழே உள்ள நீளப் பெட்டியும் துருப்பிடித்திருந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டாதீர்கள். முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு குழாயை டேக் அடித்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவு மூடாது.