மூன்றுக்கும் ஒரே மூட்டையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அடுத்தவர் வீட்டுப் புல்தரையைப் பராமரித்துப் பிழைப்பவர்கள் எழுதியவை. உரம், களைக்கொல்லி, பாசிக்கொல்லி: எதை வாங்குவது, யாரை நம்புவது என்பதுதான் எல்லார் கவலையும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தை மட்டும் வெட்டவில்லை.

கேள்வி: என் பொறுப்பில் பல வீட்டுப் புல்தரைகள் இருக்கின்றன. உரம், களைக்கொல்லி, பாசிக்கொல்லி மூன்றும் சேர்ந்த குருணையை மொத்தமாக வாங்கி எல்லா இடத்திலும் தூவிவிட்டால் மிச்சம்தானே?

பதில்: வேலை மிச்சம். காசு மிச்சமில்லை. அந்த மூட்டையில் வழக்கமாக இருப்பவை தழைச்சத்து (நைட்ரஜன்), பாசியைக் கருக்கும் இரும்பு சல்பேட், அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி, டைகாம்பா, மெக்கோப்ராப் வகையறாவில் ஒன்றோ இரண்டோ. களையே இல்லாத வீட்டிலும் களைக்கொல்லிக்குக் காசு கொடுக்கிறீர்கள். நாள் முழுக்க வெயில் காய்ந்து பாசியே பிடிக்காத தரையிலும் இரும்பைக் கொட்டுகிறீர்கள். மூன்றுக்கும் ஏற்ற பருவம் ஒன்றாக அமைவதும் கடினம். களை மும்முரமாக வளரும்போதுதான் களைக்கொல்லி வேலை செய்யும். பாசி செழிப்பதோ குளிர்ந்த ஈரக்காலத்தில், களையும் புல்லும் சோம்பிக் கிடக்கும்போது.

களையும் பாசியும் சேர்ந்து மண்டிய தரைக்குக் கலவை மூட்டையை வாங்குங்கள். மற்றவற்றுக்கு வெறும் உரம் போதும். நாலு களைச்செடிக்குக் கை இருக்கிறது. விதைத்து ஆறு மாதம்கூட ஆகாத புல்தரைப் பக்கம் அந்த மூட்டையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: 20 கிலோ மூட்டைகள் இரண்டு. ஒன்று மலிவு, மற்றது விலை அதிகம். இரண்டிலும் அதே பச்சைப் படம். எது லாபம்?

பதில்: மூட்டையின் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம். அந்த முகத்தை அச்சடிக்கிறவர்கள் மீது கோபம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்பக்கத்தில் '500 சதுர மீட்டருக்குப் போதும்' என்றிருந்தால், சதுர மீட்டருக்கு 40 கிராம் தூவச் சொல்கிறார்கள் என்று பொருள். இப்போது மூட்டையைத் திருப்புங்கள். மூன்று எண்கள் இருக்கும்: தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் என்ற வரிசையில் சதவீதம். 10-2-4 என்றால், அந்த 40 கிராமில் தழைச்சத்து 4 கிராம். பக்கத்து மூட்டை '1000 சதுர மீட்டர்' என்று மார்தட்டுகிறது. தூவும் அளவு 20 கிராம், தழைச்சத்து 6 சதவீதம். தரைக்குப் போய்ச் சேர்வது 1.2 கிராம். ஆயிரம் சதுர மீட்டரின் ரகசியம் இவ்வளவுதான்: மெல்லிசாகத் தூவச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூட்டையில் மொத்தத் தழைச்சத்து 2 கிலோ, இரண்டாவதில் 1.2 கிலோ. விலையை அந்தக் கிலோவால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரிந்துவிடும்.

'மெதுவாகக் கரையும்' என்று முன்பக்கம் சொன்னால், தழைச்சத்தில் எவ்வளவு பங்கு அப்படிக் கரையும் என்று பின்பக்கம் சொல்ல வேண்டும். சொல்லவில்லையா? சாதாரண உரத்தின் விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

பாசிக்கு வாங்கும் இரும்பு சல்பேட்டிலும் இதே விளையாட்டுதான். ஹெப்டாஹைட்ரேட் என்ற பச்சைப் படிகத்தில் இரும்பு சுமார் 20 சதவீதம். மோனோஹைட்ரேட் என்ற தூளில் சுமார் 30 சதவீதம். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால், படிகத்துக்குள் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். 'அதிவேகப் பாசி நீக்கி' என்று மினுமினுக்கும் குப்பி ஒன்றை நானும் வாங்கினேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் இரும்பு சல்பேட், தண்ணீர், சாயம். அந்த விலைக்கு ஒரு மூட்டைத் தூளே வந்திருக்கும்.

கேள்வி: பாசிக்கொல்லி போட்டேன், கறுத்துச் செத்தது. சில மாதங்களில் மறுபடி வந்துவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறவா?

பதில்: மாற வேண்டியது கம்பெனி அல்ல. நிழல், தேங்கும் நீர், மிதிபட்டு இறுகிய மண், ஒட்ட வெட்டிய புல், இவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. கறுத்துச் செத்த பாசியை வாரி எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எடுத்த இடத்தில் புல் விதைக்காவிட்டால் அந்த வெற்றிடத்தைப் பாசிதான் பிடிக்கும். கலவை மூட்டையைப் போட்டிருந்தால் மட்டும், லேபிளில் சொன்ன இடைவெளி விட்டு விதையுங்கள்.

கேள்வி: வாசலுக்கு வந்த விற்பனையாளர், 'கம்பெனி மிச்சச் சரக்கு' என்று லேபிள் இல்லாத வெள்ளைச் சாக்கில் களைக்கொல்லிக் குருணை தந்தார். தூவிய இரண்டு வாரத்தில் வாடிக்கையாளரின் தரை முழுக்கப் பழுப்பு. புதுப் புல்லை என் கைக்காசில் போடச் சொல்கிறார்...

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பேராசைப்படவில்லை. பேசத் தெரிந்த ஒருவன் உங்களை ஏமாற்றியிருக்கிறான். களைக்கொல்லியை லேபிளும் பதிவு எண்ணும் இல்லாமல் விற்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். சாக்கையும் மிச்சக் குருணையையும் தூக்கி எறியாதீர்கள். கட்டி வைத்து, படம் எடுத்து, பணம் கொடுத்த விவரத்தோடு பூச்சிக்கொல்லிக் கண்காணிப்பு அலுவலகத்திலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அவசரப்பட்டுப் புதுப் புல் போடாதீர்கள். அந்த மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்து படாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் எடுத்து, இரண்டிலும் புல் விதையோடு கொஞ்சம் முள்ளங்கி விதையும் போடுங்கள். முதல் தொட்டியில் முளைக்காமலோ இலை சுருண்டோ நின்றால் மண்ணில் இன்னும் மருந்து இருக்கிறது. தொட்டி இரண்டையும் வாடிக்கையாளரிடமே காட்டுங்கள். செலவில் பாதியையாவது அவர் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: களைக்கொல்லி போட்டும் கோரை சாகவில்லை. போலிச் சரக்கா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 2,4-டி வகை அகன்ற இலைகளுக்கானது. கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் போன்ற தனி மருந்து உண்டு. உங்கள் புல் வகைக்கு அது ஆகுமா என்று லேபிளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தூவிய குருணை நடைபாதைக் கற்களிலும் விழுந்தது. கழுவிவிட்டேன். இப்போது செம்பழுப்புக் கறை. மூட்டையில் எச்சரிக்கை சின்ன எழுத்தில்தான் இருந்தது. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: எழுத்து சின்னதுதான். ஆனால் இருந்தது, நீங்கள் படிக்கவில்லை. இரும்பு ஈரத்தில் பட்டால் துரு, இதற்கு வழக்கறிஞர் வேண்டாம். காய்ந்த நிலையிலேயே பெருக்கி எடுத்திருந்தால் கறையே இல்லை. கழுவியதுதான் கெடுத்தது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறையோடு, ஓர் ஓரத்தில் முதலில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தூவும் வண்டி வாங்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் வண்டி போதுமா?

பதில்: என்னிடம் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் சும்மாவே தருகிறேன். அதன் அடித்தகடு பாதியில் சிக்கும், நின்ற இடத்தில் குருணை குவியும், அங்கே புல் வட்டமாகக் கருகும். தகடு உலோகமாக, சக்கரம் நின்றால் தானாக மூடுவதாகப் பாருங்கள். சின்ன முன்தோட்டங்களுக்கு நேராகக் கீழே கொட்டும் வகை, பெரிய தரைக்குச் சுழற்றி வீசும் வகை. எதை வாங்கினாலும், மூட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பி அளவுத் திருகை வைக்காதீர்கள். 10 சதுர மீட்டருக்கு விரிப்புப் போட்டு அதன்மேல் ஓட்டி, விழுந்ததை எடை போடுங்கள். சதுர மீட்டருக்கு 35 கிராம் கணக்கென்றால் 350 கிராம் விழுந்திருக்க வேண்டும். பிறகு பாதி அளவை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவினால் கோடு விழாது.

கேள்வி: மருந்து போட்ட தரையில் வெட்டிய புல்லை வாடிக்கையாளரின் தக்காளிப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாமா?

பதில்: கூடாது. தக்காளி இந்த மருந்துகளுக்கு முதலில் சுருளும் செடி.

கேள்வி: மிச்சமான கரைசலைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றிப் பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

பதில்: உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய், அதே மருந்து அனுமதித்த தரையில், அனுமதித்த அளவுக்குள் தெளித்துத் தீருங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். அடுத்த முறை தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

கேள்வி: வாடிக்கையாளரே எங்கிருந்தோ ஒரு பெரிய டப்பா வாங்கி வந்து, 'இதை அடி, கூலி மட்டும் தருகிறேன்' என்கிறார். 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. அடிக்கலாமா?

பதில்: யார் வாங்கினாலும், தரை கருகினால் அடித்தவர் கைதான் கேள்விக்கு வரும். அளவும் தேதியும் மருந்தின் பெயரும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். அதற்கு முன் இன்னொன்று: கூலிக்குத் தெளிப்பவருக்குப் பல நாடுகளில் பயிற்சிச் சான்றிதழோ உரிமமோ கட்டாயம். உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் எழுதவில்லையே.