இமேஜ் அழிக்கும் டூலை ஏஐ ஏஜென்ட் ஓட்டப்போகிறது, பழைய ரீட்மீயே போதுமா?

கேள்வி: "ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் சர்வர்) சேரும் பழைய கன்டெய்னர் இமேஜ்களை (செயலியை ஓடத் தேவையானவற்றோடு கட்டிய பொதிகள்) அழிக்க நாங்களே எழுதிய ஒரு கமாண்ட் லைன் டூல் இருக்கிறது. இனி ஏஐ ஏஜென்ட்டும் அதைப் பயன்படுத்தும். இருக்கிற ரீட்மீயை (டூலோடு வரும் அறிமுகக் குறிப்பு) கொடுத்தால் போதுமா, தனியாக ஆவணம் எழுத வேண்டுமா?"

போதாது. உங்கள் ரீட்மீயைப் பார்க்காமலேயே சொல்கிறேன். உள்ளுக்குள் புழங்கும் டூல்களின் ரீட்மீ எப்படி இருக்கும் என்று தெரியும்: மேலே இன்ஸ்டால் செய்யும் வழி, கீழே நாலு ஃபிளாக் (கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கும் தேர்வுகள்), முடிந்தது. மீதியைப் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஏஜென்ட் யாரைப் போய்க் கேட்கும்?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ரெஜிஸ்ட்ரியின் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்தது. "பழைய பில்டுகளை அழித்து இடம் ஏற்படுத்து" என்று ஒருவர் ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அது கொஞ்சம் இமேஜ்களை அழித்தது, ரெஜிஸ்ட்ரியும் 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது) என்று பதில் தந்தது. பிறகு டிஸ்க்கைப் பார்த்தால் ஒரு எம்பி கூடக் குறையவில்லை. அதனால் இன்னும் அழிக்க வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்து, வயது வரம்பைத் தானே குறைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனது. மறுபடி டிஸ்க்கைப் பார்த்தது, மறுபடியும் குறையவில்லை, மறுபடியும் அழித்தது. லாகை எடுத்து வாசித்தால் ஒவ்வொரு அடியும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். நாங்கள் வைத்திருந்த மாதிரியான ரெஜிஸ்ட்ரியில் மேனிஃபெஸ்ட்டை (இமேஜின் உள்ளடக்கப் பட்டியல்) அழித்தால் இமேஜை இழுக்க (இறக்கிக்கொள்ள) முடியாமல் போகுமே தவிர, லேயர்கள் (இமேஜின் ஃபைல்கள் உள்ள அடுக்குகள்) டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். கார்பேஜ் கலெக்‌ஷன் (யாரும் சுட்டாத லேயர்களை நீக்கும் வேலை) தனியாக ஓடினால்தான் இடம் காலியாகும். அதை ஓட்டும்போது ரெஜிஸ்ட்ரியை ரீட் ஒன்லியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் லேயரும் சேர்ந்து போகலாம். இது டீமில் எல்லோருக்கும் தெரியும், எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மீட்டிங்கில் மட்டும் "ஏஐ சொதப்பிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆவணம் எழுதுவதே என் வேலை என்பதால் எனக்குச் சுருக்கென்று பட்டது.

அதற்கப்புறம் நான் எழுதிய ஃபைலில் முதல் பத்தியே இந்த டூல் எதைச் செய்யாது என்பதுதான்: "இந்தக் கமாண்ட் டிஸ்க் இடத்தை விடுவிக்காது. 202 வந்தால் வேலை முடிந்தது. டிஸ்க் அளவை வைத்து வெற்றியா தோல்வியா என்று முடிவு செய்யாதே. 405 வந்தால் ரெஜிஸ்ட்ரியில் டெலீட் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது, வேறு வழி தேடாமல் நிறுத்திவிட்டு மனிதரிடம் சொல்." கடைசி வாக்கியம் முக்கியம். ஒரு கதவு மூடியிருந்தால் ஜன்னலைத் தேடுவது ஏஜென்ட்டின் சுபாவம்.

அடுத்தது டேக், டைஜஸ்ட் குழப்பம். டேக் என்பது இமேஜுக்கு நாம் வைக்கும் பெயர், டைஜஸ்ட் என்பது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம். இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் தகும். டைஜஸ்ட்டைக் கொடுத்து அழித்தால் அதைச் சுட்டும் எல்லா டேக்கும் போய்விடும். சோதனைக்கு என்று போட்ட டேக்கும் புரொடக்‌ஷன் டேக்கும் ஒரே டைஜஸ்ட்டாக இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே, அழிக்கும் முன் அந்த டைஜஸ்ட்டுக்கு வேறு டேக் உண்டா என்று பார்க்கும் கமாண்டையே எழுதிக் கொடுங்கள், "கவனமாக இரு" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. டேக் இல்லாதது எல்லாம் குப்பை என்றும் எழுதிவிடாதீர்கள். ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற இரண்டு வகைப் பிராசசர்களுக்கும் சேர்த்துக் கட்டிய இமேஜில் டேக் இருப்பது மேலே உள்ள இன்டெக்ஸுக்குத்தான் (ஒவ்வொரு வகையின் மேனிஃபெஸ்ட்டையும் சுட்டும் பட்டியல்), உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட்டுகளுக்குப் பொதுவாக டேக் இருக்காது.

குபெர்னெட்டிஸில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்களை (இமேஜிலிருந்து ஓடும் கன்டெய்னர்கள்) பற்றியும் ஒரு வரி வேண்டும். இமேஜை அழித்த உடனே எதுவும் விழாது. பாட் வேறு நோடுக்கு (மெஷினுக்கு) மாறி, அங்கே அந்த இமேஜ் இல்லாதபோது, அல்லது வேறு காரணத்தால் இமேஜை மறுபடி இழுக்க வேண்டி வரும்போதுதான் இமேஜ்புல்பேக்ஆஃப் (இமேஜை இழுக்க முடியவில்லை என்ற பிழை) வரும், அதற்குள் யார் அழித்தார்கள் என்பதே மறந்திருக்கும். அதனால் அழிக்கும் முன் மேனிஃபெஸ்ட்டை ஒரு எழுத்தும் மாறாமல் ஃபைலில் சேமிக்கச் சொல்லுங்கள் (இன்டெக்ஸ் என்றால் உள்ளே இருப்பவற்றையும்). கார்பேஜ் கலெக்‌ஷன் ஓடாத வரை அதையே திரும்ப ஏற்றி இமேஜை மீட்டுவிடலாம்.

"ஆவணத்தை நம்பி டெலீட் உரிமையைக் கொடுப்பதா?" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஃபிளாக் எதுவும் கொடுக்காவிட்டால் டூல் பட்டியலை மட்டும் காட்ட வேண்டும், அழிக்கத் தனி ஃபிளாக், ஏஜென்ட்டின் டோக்கனுக்கு (அனுமதிச் சாவி) குறிப்பிட்ட ரெப்போவில் (இமேஜ் தொகுப்பில்) மட்டும் உரிமை, இதெல்லாம் டூலில்தான் இருக்க வேண்டும். எம்சிபி (ஏஜென்ட்டோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கொடுத்தால் இது அழிவு வேலை என்று குறிக்க இடம் இருக்கிறது, ஆனால் அது வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது. 'ஆம் அல்லது இல்லை' என்று கேட்டுக் காத்திருக்கும் இடங்களையும் பாருங்கள். அங்கே ஏஜென்ட் மாட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் கேள்வியே கேட்காமல் செய்யவைக்கும் ஃபோர்ஸ் ஃபிளாக்கைக் கண்டுபிடித்துவிடும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதே ஆவணத்தை மனிதர்களுக்காக எழுத நேரம் கேட்டபோதெல்லாம் "அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம்" என்பார்கள். ஏஜென்ட்டுக்கு என்றதும் அன்றைக்கே டிக்கெட் போட்டார்கள். பிறகு சேர்ந்த ஜூனியர்கள் எல்லாம் அந்த ஃபைலைப் படித்துத்தான் டூலைக் கற்றுக்கொண்டார்கள். ரீட்மீயை இன்றுவரை யாரும் தொடவில்லை.

சரி, எழுதி முடித்ததும் ஒரு சோதனை ரெஜிஸ்ட்ரியை வைத்து, அந்த ஃபைலை மட்டும் கொடுத்து, புது செஷனில் ஏஜென்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். அது தானாக ஊகித்துச் செய்யும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு ஃபைலில் சேருங்கள். முதல் தடவை நிறையவே கிடைக்கும்.