அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது. அப்பாவுக்கு 51 வயதிலேயே மறதி நோய். பால் பாக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பால் வரவில்லை என்று வாசலில் நிற்கிறார். அத்தைக்கும் ஐம்பதை ஒட்டித்தான் ஆரம்பித்தது. பாட்டிக்கும் அப்படியே இருந்ததாம். எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஜீன் டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், சென்னை-11

பதில்: அன்பு மகளே, அவசரப்பட்டு நீ போய் ரத்தம் கொடுத்துவிடாதே. முதலில் அப்பாவுக்குத்தான் பார்க்க வேண்டும். அவருக்கு எந்த ஜீனில் பிழை என்று தெரிந்தால்தான் உன் ரிசல்ட்டுக்கு அர்த்தம் இருக்கும். அதற்கும் முன்னால் தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு இரண்டையும் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேள். அவற்றாலும் மறதி வரும்.

மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். அந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் ஒற்றை ஜீன் பிழை நேரடிக் காரணம். ஆனால் உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது, அதில் இருவருக்கு இவ்வளவு இளவயதில். இதை விசாரிக்காமல் விடக்கூடாது. அப்படிப்பட்ட பிழை அப்பாவிடம் இருந்தால், உனக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இங்கிலாந்தில் கரோல் ஜென்னிங்ஸ் என்ற பெண்ணும் உன்னைப் போலத்தான் கடிதம் எழுதினார். அப்பாவுக்கும் அவர் கூடப்பிறந்தவர்களுக்கும் இளவயதிலேயே அல்சைமர் வந்ததைச் சொல்லி, 1980களில் லண்டன் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதினார். அந்தக் குடும்பத்தின் ரத்தத்தை ஆராய்ந்துதான் 1991-இல் ஏபிபி என்ற ஜீனில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கரோல் தனக்கு அது இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவருக்கும் நோய் வந்தது, 2024-இல் காலமானார். இப்படிப்பட்ட குடும்பங்களை 2008 முதல் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்துவரும் டயான் ஆய்விலும், ரிசல்ட்டைத் தெரிந்துகொள்ளாமலே பங்கேற்கலாம். மறதி தெரிவதற்கு இருபது வருடம் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்பதெல்லாம் இவர்களால் தெரியவந்ததுதான்.

இன்றைக்கு இந்த நோயை வராமலே தடுத்துவிடும் மருந்து இல்லை. அதனால் தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். வரனுக்காக டெஸ்ட் எடு என்று யார் சொன்னாலும் எடுக்காதே. ஆனால் பேசி முடிக்கப்போகும் பையனிடம், நிச்சயத்துக்கு முன்பே நீயே உட்கார்ந்து சொல்லிவிடு. தரகர் வாயாலோ சொந்தக்காரர் வாயாலோ அது அவன் காதுக்குப் போகக்கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு தாளில் குடும்ப மரம் போடுங்கள். யாருக்கு, எந்த வயதில், முதலில் என்ன மாறியது? மறதியா, குணமா, பேச்சா? அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போய் ஜெனடிக் கவுன்சிலிங், அதாவது பரம்பரை நோய் பற்றிய ஆலோசனை வேண்டும் என்று கேள். குழந்தை பற்றிய கவலையையும் அங்கேயே கேட்டுவிடு. அப்பாவுக்கும் என்ன டெஸ்ட், எதற்கு என்று புரியும்படி சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பீரோவுக்கு இன்னொரு சாவி அடித்து அம்மாவிடம் கொடு. பால் எங்கே என்று அப்பாவைக் கேட்டுத் துளைக்க வேண்டாம். நீங்களே எடுத்துக் காய்ச்சி, அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுங்கள்.